எதிர்ப்பு வாக்கே இல்லாத தோல்வி: 1993 மே 11 வாக்கெடுப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவிநீக்கக் கோரிய தீர்மானம் 1993 மே 11 அன்று மக்களவையில் தோற்றது. அதன் காரணம் பற்றி ஆய்வாளரிடையே இரண்டு விளக்கங்கள் நிலைபெற்றுள்ளன. ஆளுங்கட்சியான காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது என்பது ஒன்று. தமிழர் ஒருவரைக் காக்கும் வட்டார உணர்வு வேலை செய்தது என்பது மற்றொன்று. இரண்டையும் முற்றாக மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டுமே உறுப்பினர்களின் நோக்கத்தைத் தேடிப் போகின்றன. வாக்குகள் எந்த விதிப்படி எண்ணப்பட்டன என்பதைக் கேட்பதில்லை. அன்றைய வாக்குக் கணக்கை அரசமைப்புச் சட்டத்தின் 124(4) பிரிவோடு சேர்த்துப் படித்தால், தீர்மானத்தை வீழ்த்தியதில் அந்தப் பிரிவின் அமைப்புக்கே முதன்மையான பங்கு உண்டு என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது.

ஆதரித்தோர் 196 பேர். அவையில் இருந்தும் வாக்களிக்காதோர் 205 பேர். எதிர்த்தோர் ஒருவரும் இல்லை. 124(4) பிரிவு இரண்டு பெரும்பான்மைகளை ஒருசேரக் கேட்கிறது. வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோரும் ஆதரிக்க வேண்டும். முதல் நிபந்தனை அன்று முழுமையாக நிறைவேறியது, வாக்களித்த அனைவருமே ஆதரித்திருந்தார்கள். 545 பேர் கொண்ட அவையில் இரண்டாம் நிபந்தனைக்கு 273 வாக்குகள் தேவை. 77 வாக்குகள் குறைந்தன. மொத்த எண்ணிக்கை என்னும்போது வராதவர்களும் கணக்கில் சேர்கிறார்கள், காலியிடங்களும் சேர்கின்றன. ஜம்மு காஷ்மீரில் 1991இல் மக்களவைத் தேர்தலே நடக்கவில்லை. அங்கே ஆளில்லாமல் கிடந்த 6 இடங்களும் நீதிபதியைக் காக்கும் பக்கமே எண்ணப்பட்டன. அன்று தோல்வி என்று பதிவானது மறுப்பு அன்று, வாக்குகளின் பற்றாக்குறை. 'மக்களவை குற்றச்சாட்டை நிராகரித்தது' என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறார்கள்.

வட்டார உணர்வு என்ற விளக்கம் எண்களின் முன் நிற்பதில்லை. தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள், புதுச்சேரிக்கு ஒன்று. அந்த 40 பேரும் ஒதுங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் அனைவரும் ஆதரித்திருந்தாலும் கணக்கு 236இல் நின்றிருக்கும். அப்போதும் 37 வாக்குகள் குறைவு. கட்சி என்ற விளக்கத்துக்கு வலு அதிகம். ஒதுங்கியவர்கள் பெரும்பாலும் காங்கிரஸ் அணியினரே என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு கட்சி தீர்மானத்தை எதிர்க்காமலேயே அதை வீழ்த்த முடிந்தது எப்படி என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை மட்டும் இருந்திருந்தால், 196 ஆதரவு வாக்குகளை முறியடிக்கக் குறைந்தது 99 பேர் வெளிப்படையாக எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டும். ஒருவர்கூட எதிர்க்காத அவையில் 99 பேர் துணிந்திருப்பார்களா? துணிந்திருக்கலாம் என்று வாதிடலாம். எனினும் அவர்கள் தங்கள் பெயரில் ஒரு நிலைப்பாட்டை ஏற்க வேண்டியிருந்திருக்கும். 2011 ஆகஸ்ட் 18 அன்று கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானம் மாநிலங்களவையில் 189க்கு 17 என்று நிறைவேறியபோது, அந்த 17 பேரும் அப்படித்தான் தங்கள் மறுப்பைப் பதிவு செய்தார்கள்.

இது வெறும் எண்கணிதப் பிரச்சினை அன்று. மக்களவையின் முன் அன்று இருந்தது அரசியல் புகார் மட்டும் அல்ல. 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி அமைந்த பி.பி. சாவந்த், பி.டி. தேசாய், ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோரின் குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11ஐ நிரூபணமானவையாகக் கண்டிருந்தது. ராமசாமி பஞ்சாப்-ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது சண்டிகரில் அறைகலன்களுக்கும் கம்பளங்களுக்கும் பொதுப்பணத்தைச் செலவிட்ட விதமே வழக்கின் மையம். குழுவின் முடிவை அவை மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலைமை வேறு. 1949இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.பி. சின்ஹாவை, ஃபெடரல் நீதிமன்றத்தின் அறிக்கையின் பேரில் கவர்னர் ஜெனரல் ராஜாஜி நீக்கினார். அன்று நீதிமன்றத்தின் அறிக்கையே நீக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. 1950க்குப் பின் அதற்கும் நீக்கத்துக்கும் இடையே இரு அவைகளின் வாக்கெடுப்பு வந்து நின்றது.

கடுமையான நிபந்தனை இல்லாவிட்டால் நீதித்துறையின் சுதந்திரம் என்னவாகும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு தேவைப்படுவது குற்றம் நிரூபணமாவதற்கு முன்பு. தீர்மானத்தைக் கொண்டுவர மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையொப்பம் இடவேண்டும். சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அதை ஏற்கவேண்டும். மூவர் குழு விசாரிக்கவேண்டும். குற்றமில்லை என்று குழு கண்டால் அதோடு எல்லாம் முடிந்துபோகும். இவ்வளவையும் தாண்டி வந்த ஒரு முடிவுக்கு எதிராக, வராதவரையும் காலி நாற்காலியையும் நிறுத்துவது சுதந்திரத்தைக் காப்பதாகாது. அரசமைப்புத் திருத்தத்துக்கும் இதே இரட்டைப் பெரும்பான்மை உண்டே என்பர் சிலர். அந்த ஒப்புமை பொருந்தாது. திருத்தம் தோற்றால் இருக்கும் சட்டம் தொடர்கிறது; இங்கே தோற்றால், நிரூபிக்கப்பட்ட குற்றத்தோடு ஒருவர் தீர்ப்பு வழங்கும் பதவியில் தொடர்கிறார். தயங்கியவர்களின் மனச்சாட்சியை மதிக்க வேண்டாமா என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்களின் தயக்கத்தை மதிக்கலாம், அதை எதிர்ப்பு வாக்காக எண்ணக் கூடாது.

124(4) பிரிவில் மொத்த உறுப்பினர் பெரும்பான்மை என்ற நிபந்தனையை நீக்க வேண்டும். அவையில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டு, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இதே பிரிவே பொருந்துவதால் ஒரே திருத்தம் போதும். அது செய்யப்படாதவரை 1993இன் முடிவு மறுபடியும் நேரலாம். ராமசாமி 1994 பிப்ரவரியில் ஓய்வுபெறும்வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தார்.