கார் மோதல் சோதனை: கணினிக்குள் ஒரு போல்ட் எப்படி உடைகிறது?

புதிய கார் ஒன்று விற்பனைக்கு வருவதற்கு முன்பே பலமுறை மோதி நொறுங்கிவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை கணினிக்குள் நடக்கும் மோதல்கள்.

உண்மையான காரைத் தடுப்பில் மோதவிட்டால் ஒரு கார் போச்சு. கணினியில் மோதவிட்டால், ஒரு தகட்டின் தடிமனை மாற்றி மறுநாளே மீண்டும் மோதிப் பார்க்கலாம்.

ஆனால் கணினி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அது சில நேரங்களில் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு போல்ட்டைப் பொறுத்தது.

கணினியில் கார் எப்படி மோதுகிறது?

முதலில் காரின் வடிவத்தைச் சில மில்லிமீட்டர் அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும், எப்போது கிழியும் என்ற விவரங்களைக் கொடுக்கிறார்கள். அதன் பிறகு, நொடியின் மிகச் சிறிய பகுதி ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டு எங்கே நகரும் என்று கணினி கணக்குப் போடுகிறது.

இதற்கு அதிகம் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று எல்எஸ்-டைனா. அதன் மூலம், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் 1976இல் எழுதிய டைனா3டி. பாம்-கிராஷ் என்ற இன்னொரு மென்பொருள் 1980களின் நடுப்பகுதியில் ஃபோக்ஸ்வேகன் போலோ காரின் நேர்மோதலை ஒரே இரவில் கணக்கிட்டுக் காட்டியது. அப்போது அந்தக் காரில் 6,000க்கும் குறைவான துண்டுகளே இருந்தன. இன்று ஒரு காருக்குப் பல மில்லியன் துண்டுகள்.

உண்மையான மோதல் சோதனைகள் இப்போதும் தேவை. நம் வட்டாரத்தில் ஆசியான் என்கேப் அமைப்பு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முன்பக்க அகலத்தில் 40 விழுக்காடு மட்டும் தடுப்பில் படும்படி மோதவிட்டுச் சோதிக்கிறது. அதைப் பரீட்சை என்று வைத்துக்கொண்டால், கணினி மோதல் வீட்டுப் பயிற்சி.

ஒரு போல்ட்தானே, இதுல என்ன பெரிய விஷயம்?

காரின் உடற்பகுதியை ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் பிடித்திருக்கின்றன. போல்ட்டுகள் அதைவிடக் குறைவு. ஆனால் அவை இருக்கும் இடங்களைப் பாருங்கள்:

• இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேம்
• சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன்
• இருக்கைகள்
• இருக்கைவார் உடலுடன் சேரும் இடம்
• மின்சாரக் காரின் பேட்டரி

கனமான பொருள்கள், மனிதனைப் பிடித்து வைக்கும் பொருள்கள் எல்லாமே போல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன.

கடும் மோதலில் காரில் இருப்பவரின் வேகம், புவியீர்ப்பைப் போல் 30 மடங்கு விசையுடன் குறையலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரை அப்போது இருக்கையோடு பிடித்து வைக்கச் சுமார் 2.1 டன் எடைக்குச் சமமான விசை தேவை. அதன் பெரும்பகுதி இருக்கைவார் வழியாகச் சில போல்ட்டுகளுக்குத்தான் போகிறது.

இறுக்கிய போல்ட் என்ன செய்கிறது?

போல்ட்டை இறுக்கும்போது அது மிக லேசாக நீள்கிறது. இழுத்துவிட்ட ஸ்பிரிங் போல, இரண்டு தகடுகளையும் சேர்த்து அழுத்துகிறது.

எம்10 அளவு, 8.8 ரகப் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். நன்றாக இறுக்கினால் அது தகடுகளை ஏறக்குறைய 25 கிலோநியூட்டன், அதாவது 2.5 டன் எடைக்குச் சமமான விசையில் அழுத்தும். மோதலில் தகடுகள் பக்கவாட்டில் இழுக்கப்படும்போது நடப்பது இதுதான்:

1. முதலில் தகடுகளுக்கு இடையே உள்ள உராய்வு தாங்குகிறது. உராய்வு அளவை 0.15 என்று வைத்தால், 3.75 கிலோநியூட்டன் வரை ஒன்றும் நகராது.
2. அதைத் தாண்டினால் தகடு வழுக்குகிறது. துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரியது என்பதால் கொஞ்சம் ஓட இடம் உண்டு.
3. பிறகு போல்ட்டின் தண்டு துளையின் விளிம்பில் முட்டுகிறது. விசை சட்டென்று ஏறுகிறது.
4. கடைசியில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது. போல்ட் வெட்டுப்படலாம், துளையைச் சுற்றித் தகடு கிழியலாம், போல்ட்டின் தலை தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

இந்த நான்கும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பொறியாளருக்கு மூன்று வழிகள்

முதல் வழி, ஒட்டிவிடுவது. போல்ட்டே கிடையாது. இரண்டு துளைகளின் விளிம்புகளையும் அசையாதபடி கணினியில் கட்டிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த இணைப்பு வழுக்காது, உடையவும் உடையாது.

இரண்டாவது, கம்பியாகக் காட்டுவது. போல்ட்டுக்குப் பதில் ஒரு கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் சிலந்தியின் கால்கள் போலத் துளையைச் சுற்றி இணைப்புகள். இந்தக் கோட்டுக்கு இறுக்கம் கொடுக்கலாம், எவ்வளவு விசையில் அறுந்துபோகும் என்றும் சொல்லலாம்.

மூன்றாவது, முழுப் போல்ட்டையும் தலை, தண்டு, நட்டு என்று திடப்பொருளாக உருவாக்குவது. வழுக்குவதும் முட்டுவதும் உடைவதும் தானாகவே கணக்கில் வரும்.

அப்படின்னா எல்லாப் போல்ட்டையும் முழுசா வரைஞ்சிடலாமே?

கேள்வி நியாயமானது. பிரச்சினை நேரம்.

எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடுகிறது. ஒரு துண்டை அந்த ஒலி கடக்கும் நேரத்தைவிடக் கணினியின் ஓர் அடி நீளமாக இருக்கக்கூடாது. இருந்தால் கணக்கு நிலைகுலைந்துவிடும்.

துண்டு 5 மில்லிமீட்டர் என்றால் ஓர் அடிக்கு 1 மைக்ரோநொடி. மோதலின் 100 மில்லிநொடியைக் கணக்கிட 100,000 அடிகள். போல்ட்டை நன்றாகக் காட்ட 1 மில்லிமீட்டர் துண்டுகள் வைத்தால் அடிகள் 500,000 ஆகிவிடும். காரிலேயே மிகச் சிறிய துண்டுதான் மொத்தக் காரின் வேகத்தையும் முடிவு செய்கிறது. ஒரு போல்ட்டுக்காக முழுக் காரும் காத்திருக்க வேண்டும்.

சின்னத் துண்டுகளுக்குச் செயற்கையாக எடை கூட்டிக் கணக்கை வேகப்படுத்தும் உத்தியும் உண்டு. அளவுக்கு மீறினால் கணினியில் மோதுவது வேறு ஒரு காராக மாறிவிடும்.

அதனால் நடைமுறையில் இரண்டையும் கலக்கிறார்கள். திடப்பொருள் போல்ட்டைத் தனியாக ஒரு சிறிய இணைப்பில் சோதித்து, அதே மாதிரி நடந்துகொள்ளும் கம்பியை முழுக் காரில் பொருத்துகிறார்கள்.

உடையாத போல்ட் சொல்லும் பொய்

சப்ஃபிரேம் போல்ட்டுகளை ஒட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கணினியில் சப்ஃபிரேம் கடைசி வரை விசையைத் தாங்கும். பயணிகள் அறை பத்திரமாகத் தெரியும். உண்மையான சோதனையில் போல்ட் உடைந்தால் அந்த விசை வேறு பாதையில் போகும். பயணியின் கால்களை நோக்கியும் போகலாம்.

தலைகீழாகவும் நடக்கலாம். சில கார்களில் மோதும்போது சப்ஃபிரேம் கழன்று விலக வேண்டும் என்றே வடிவமைக்கிறார்கள். கணினியில் அது கழலாவிட்டால், நல்ல வடிவமைப்பும் மோசமானதாகத் தெரியும்.

அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2012இல் கொண்டுவந்த சோதனை இதை இன்னும் முக்கியமாக்கியது. அதில் காரின் அகலத்தில் 25 விழுக்காடு மட்டுமே தடுப்பில் படும். முன்பக்கத்தின் முதன்மை எஃகுச் சட்டங்கள் தப்பிவிடும். சக்கரமும் சஸ்பென்ஷனும் நேரடியாக அடி வாங்கும். சக்கரம் கழன்று போகுமா, உள்ளே தள்ளப்படுமா என்பதில் அங்குள்ள இணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

சோதனைக்கூடத்திலிருந்து. இணைப்பை நேராக, பக்கவாட்டில், சாய்வாக என்று பல திசைகளில் இழுத்து உடைக்கிறார்கள். மெதுவாகவும் இழுக்கிறார்கள், வேகமாகவும் இழுக்கிறார்கள்.

அப்படியும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பானரால் கொடுக்கும் முறுக்கத்தில் சுமார் 90 விழுக்காடு உராய்விலேயே போய்விடுகிறது. போல்ட்டை இழுக்க உதவுவது ஏறக்குறைய 10 விழுக்காடுதான். மரையில் கொஞ்சம் எண்ணெய் பட்டாலே இறுக்கம் மாறிவிடும். எனவே கவனமான பொறியாளர் ஒரே எண்ணை நம்புவதில்லை. இறுக்கம் குறைவாகவும் கூடுதலாகவும் வைத்துப் பார்க்கிறார். உண்மையான சோதனை முடிந்ததும் எந்தப் போல்ட் உடைந்தது, எது உடையவில்லை என்று கணினியோடு ஒப்பிடுகிறார்.

சரி, இதனால் நமக்கு என்ன?

கணினியில் மோதிய காரில் தயாரிப்பாளர் சொன்ன போல்ட், சொன்ன இறுக்கத்தில் இருந்தது. உங்கள் காரிலும் அப்படி இருந்தால்தான் அந்த முடிவு உங்களுக்குப் பொருந்தும்.

• போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8இல் முதல் எண் வலிமையைக் குறிக்கிறது: 8 என்றால் 800 மெகாபாஸ்கல். 4.8 ரகத்துக்கு அதில் பாதி வலிமைதான். இரண்டும் அதே துளையில் பொருந்தும் என்பதுதான் ஆபத்து.
• இருக்கையையோ சஸ்பென்ஷனையோ வொர்க்ஷாப்பில் மாற்றினால், அதே ரகப் போல்ட்டா, முறுக்க அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கினார்களா என்று கேளுங்கள்.
• சில போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதியது போட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. கையேட்டைப் பாருங்கள்.

பொறியியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே முயன்று பார்க்கலாம். 2010ஆம் ஆண்டு டொயோட்டா யாரிஸ் செடானின் கணினி மாதிரியை அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. அந்தத் தலைமுறைக் கார் நம் சாலைகளில் வியோஸ் என்ற பெயரில் ஓடுகிறது. அதைத் திறந்ததும் போல்ட்டுகளைத் தேடுங்கள். எவை ஒட்டப்பட்டவை, எவை உடையக்கூடியவை என்று பார்த்தால், அந்த மாதிரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது உங்களுக்கே புரியும்.