கட்-ஆஃப் மதிப்பெண்

கட்-ஆஃப் மதிப்பெண் என்பது தமிழ்நாட்டில் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கான தரவரிசையைத் தீர்மானிக்கும் எண். பிளஸ் 2 மொத்த மதிப்பெண் வேறு, இது வேறு. படிப்புக்கு வேண்டிய பாடங்களை மட்டும் எடுத்து 200க்குக் கணக்கிடுவார்கள். பொறியியலுக்குக் கணித மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சேரும். கணிதத்தில் 95, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தவரின் கட்-ஆஃப் 95 + 44 + 45 = 184. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் வேதியியலில் இரண்டு போனதற்குச் சமம். தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மேல்நிலை வகுப்புகளில் மொழிப்பாடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய இழப்பு அது.

ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அப்படியும் பிரியாதவர்களில் வயதில் மூத்தவர் முந்துவார். கடைசியில் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். இந்த வரிசையின் மேல்தான் 69 சதவீத இடஒதுக்கீடு அமைகிறது.

சி.பி.எஸ்.இ. போன்ற பிற வாரியங்களில் படித்தவர்களுக்குச் சமன்படுத்தல் உண்டு. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, பிற வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 என்றால் இரண்டும் 100 என்றே கொள்ளப்படும். அந்த வாரியத்தில் 60 எடுத்தவருக்கு 66.67 கிடைக்கும்.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத்தேர்வு வந்தது. அதன் 100 மதிப்பெண்ணும் சேர்ந்து கட்-ஆஃப் 300க்கு ஆனது. பயிற்சி மையங்கள் நகரங்களில் பெருகின. கட்டணம் கட்ட வழியில்லாத கிராமப்புறப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2005இலும் 2006 தொடக்கத்திலும் நுழைவுத்தேர்வை நீக்க ஜெயலலிதா அரசு எடுத்த முயற்சிகளை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையைப் பெற்று கருணாநிதி அரசு கொண்டுவந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்தது. பிளஸ் 2 மதிப்பெண்ணே அளவுகோல் ஆனது. இதற்கும் குறை உண்டு: மேல்நிலை முதல் ஆண்டிலேயே பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கிய பள்ளிகள் ஏராளம். அடித்தளமே இல்லாமல் பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் தடுமாறியவர்கள் மாணவர்கள்தான்.

கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தான 2021இல் பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் 1க்கு 20, பிளஸ் 2 செய்முறை, அக மதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று பிரித்து மதிப்பெண் வழங்கப்பட்டது.

மருத்துவத்தில் 2017 முதல் நீட் மதிப்பெண்தான் வரிசையை முடிவு செய்கிறது. 180 கேள்விகள், 720 மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். பிளஸ் 2 மதிப்பெண் வெறும் தகுதி வரம்பாகச் சுருங்கிவிட்டது: பொதுப் பிரிவினர் அறிவியல் பாடங்களில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதம் எடுத்தால் போதும். அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவ இடம் பெறுவது அரிதாகிப்போனதால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. மறு ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது.