பெயரில் மட்டும் தோட்டம்: கொழும்பில் கோழிக்கு இடம் எங்கே?

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தார்கள், வீட்டில் பயிர் செய்யச் சொல்லி. டொலர் இல்லை, கோழித்தீவனம் இல்லை, முட்டை விலை ஏறிக்கொண்டே போனது. ஆகஸ்டில் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை வந்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை வந்திறங்கியது. வீட்டில நாலு கோழி வளர்த்தா என்ன? நல்ல கேள்விதான். ஆனால் எந்த வீட்டில?

கோழி கேட்பது கொஞ்சம்தான். அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி பகலில் நிலத்தைக் கிளறும், இரவில் மரக்கிளையில் தூங்கும். வீட்டுக்கோழிக்கும் அதே பழக்கம். யாழ்ப்பாணத்து வளவுகளில் பொழுதுபட்டால் கோழி மாமரத்தில் ஏறிவிடும். குஞ்சுகளைக் கரப்பால் மூடிவைப்பார்கள். கூடு கட்டுவதென்றால் ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே கிளற 10 சதுர அடி வேணும். ஏறியிருக்க ஒரு கம்பு, நாலைந்து பேட்டுக்கு ஒரு முட்டைப்பெட்டி, நல்ல காற்றோட்டம், மரநாய் நுழையாத கம்பிவலை. அவ்வளவுதான். கணக்குப் பாருங்கோ: ஐந்து கோழிக்கு 70 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடி. கிட்டத்தட்ட கால் பேர்ச் போதும்.

அந்தக் கால் பேர்ச் எங்கே போனது?

எங்கட ஊர்ப் பெயர்களிலேயே மண் இருக்கு. வெள்ளவத்தையின் 'வத்தை' சிங்களத்தில் தோட்டம். கொட்டாஞ்சேனையின் 'சேனை' காடு வெட்டிப் பயிரிட்ட நிலம். 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார்கள்; 1885இல் வேலை முடிந்தது. துறைமுகம் வளர வளர, வட கொழும்பின் வசதியான ஆக்கள் கறுவாத்தோட்டத்துக்குப் போனார்கள். தொழிலாளருக்கு வரிசை வீடுகள் எழும்பின: ஒரு அறை, பொதுக் குழாய், பொதுக் கக்கூசு. அதற்கும் பெயர் 'தோட்டம்'! 1921இல் பேட்ரிக் கெடிஸ் கொழும்பைப் பூங்கா நகரமாகத் திட்டமிட்டார். மரமும் முற்றமும் வாய்த்தது கறுவாத்தோட்டத்துக்குத்தான்.

வெள்ளவத்தையின் கதை வேறு. 1983க்குப் பிறகு, போர் நீள நீள, வடக்கிலிருந்து வந்த சனம் இங்கே தங்கியது. முற்றம் வைத்த பழைய வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகள் எழும்பின. வளவை விட்டு வந்தவர்களுக்கு நாலாம் மாடியில் ஒரு பல்கனி மிஞ்சியது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை தோட்டத்துக் குடும்பங்களையும் அடுக்குமாடிகளுக்கு ஏற்றியது. கக்கூசு வீட்டுக்குள்ளே வந்தது, உண்மை. நிலம் கீழே நின்றுவிட்டது.

பல்கனியில் கோழி வளர்க்கச் சொல்லி நாங்கள் சொல்ல வரவில்லை. கிளற மண் இல்லாத இடத்தில் அதை அடைப்பது பாவம். ஆனால் பஞ்சம் வரும்போது "வீட்டில வளருங்கோ" என்கிறவர்கள், யாரிடம் வீட்டோடு மண் இருக்கு, யாரிடம் இல்லை, ஏன் இல்லை என்றும் கேட்க வேணும். அடுத்த அடுக்குமாடியின் வரைபடத்தில், வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் பொதுவாகக் கொஞ்சம் வெறும் மண் விட்டால் என்ன? ஐந்து கோழிக்குக் கால் பேர்ச் போதும்.