ஆசிரியர் பயிற்சியும் மாணவர் மனவெழுச்சியும்: நியூ ஹேவன் அனுபவம்

மாணவரின் சமூக, மனவெழுச்சி விருத்திக்கென ஆசிரியரைப் பயிற்றுதல் பற்றி இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இச்சிந்தனையின் முக்கிய ஊற்றுக்களுள் ஒன்று வறிய மக்களின் பாடசாலைகளில் தோன்றியமையை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1968 இல் யேல் பல்கலைக்கழகச் சிறுவர் ஆய்வு நிலையம், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே இரு ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு திட்டத்தைத் தொடக்கியது. பெரும்பாலும் வறிய கறுப்பின மாணவர் பயின்ற அவை, கல்வி அடைவில் மிகப் பின்தங்கியிருந்தன. திட்டத்தை வழிநடத்திய உளமருத்துவர் ஜேம்ஸ் கோமரும் கறுப்பினத்தவரே. உருக்காலைத் தொழிலாளியின் மகன். தாயார் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தவர்.

மாணவரின் ஒழுங்கீனத்தை அவர்தம் பிறவிக் குறைபாடாகக் கொள்ளும் போக்கைக் கோமர் ஏற்கவில்லை. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையேயுள்ள அந்நியத்தையே அவர் சுட்டினார். எனவே அதிபர், ஆசிரியர், பெற்றோர், உளநலத் துறையினர் கூடித் தீர்மானிக்கும் குழுக்கள் அமைந்தன. எவர்மீதும் பழிசுமத்தாமை, வாக்கெடுப்பின்றி இணக்கத்தால் முடிவெடுத்தல், ஒத்துழைத்தல் என்பன அவற்றின் நெறிகளாயின. முதலாண்டு குழப்பமும் எதிர்ப்பும் மிக்கதாயிருந்தது. ஆயினும், இக்கூட்டு உழைப்பிலேயே ஆசிரியர் குழந்தை விருத்தியைக் கற்றனர். காலப்போக்கில் மாணவர் அடைவும் உயர்ந்தது.

சமூக மனவெழுச்சிக் கற்றலுக்கான தனி அமைப்பு 1994 இல் தோன்றியபோது, அதன் முதல் இருப்பிடமும் இந்நிலையமே. பின்னர் இத்துறை உலகெங்கும் பரவியது. பல இடங்களில் அது பாட அலகுகளாகவும் குறுகியகாலப் பயிலரங்குகளாகவும் சுருங்கியது. தீர்மானிக்கும் உரிமையுடன் அமர்ந்த பெற்றோர் அங்கில்லை. மாணவனின் சினத்தை அடக்கப் பயிற்றுதல் எளிது. அச்சினத்தின் சமூகக் காரணத்தை ஆசிரியர் அறியவேண்டுமாயின், பாடசாலையின் அதிகார அமைப்பே மாறவேண்டும். நியூ ஹேவன் நமக்கு உணர்த்துவது இதுவே.