மெரினா மணலில் கேட்ட சங்கீதம்

வரலாறு என்றால் போரும் ஒப்பந்தமும்தானா என்று மாணவர்கள் அலுத்துக்கொள்ளும்போது, நான் வகுப்பில் சொல்லிவந்த கதை இது.

1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் மூடிவிட்டார்கள். அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது.

அன்று வானொலிப் பெட்டி வசதி படைத்தவர் வீட்டில்தான் இருக்கும். அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வழியில்லாதவரும் மாலையில் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இந்த ஒலிபரப்பு நடந்தது.

குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு ஏற்றுவதும் மாநகராட்சியின் வேலை. ஜனங்களுக்குச் சற்று நேரம் பாட்டுக் கொடுப்பதும் தன் வேலைதான் என்று அந்த நிர்வாகம் நினைத்திருக்கிறது. சின்னச் சந்தோஷங்களுக்குப் பின்னாலும் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.

நான் நடைப்பயிற்சி போகும் பூங்காவில் இன்று ஆளுக்கொரு இயர்போன். குறை சொல்லவில்லை, நானும் நாதஸ்வரத்தை அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத பக்கத்து ஆள் தலையாட்ட, நாமும் சேர்ந்து தலையாட்டும் சுகம் அதில் இல்லை.

உங்கள் ஊர்ப் பூங்காவில் வானொலி கேட்ட நினைவிருந்தால் எழுதுங்களேன். அதுவும் வரலாறுதான்.