ஆக்கிரமிப்புக் குற்றமும் மலேசியாவும்

ஒரு நாட்டின் அரசியல் அல்லது இராணுவச் செயல்பாட்டை இயக்கும் நிலையிலுள்ளவர், ஐக்கிய நாடுகள் சாசனத்தை வெளிப்படையாக மீறி மற்றொரு நாட்டின் மீது படையெடுக்கத் திட்டமிடுவதும் படை நடத்துவதும் அனைத்துலகச் சட்டத்தில் ஆக்கிரமிப்புக் குற்றம் எனப்படும். போரில் கைதிகளையும் பொதுமக்களையும் வதைப்பது போர்க்குற்றம். அதற்குக் கடைநிலைச் சிப்பாயும் பொறுப்பாவான். போரையே மூட்டிய குற்றமோ தலைவர்களை மட்டும் சாரும்.

இவ்வேறுபாடு பினாங்கின் வரலாற்றிலேயே பதிந்துள்ளது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். செபராங் பிறையின் பட்டர்வொர்த் விமானத்தளம் தாக்கப்பட்டது. 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுன்மீது குண்டுகள் விழுந்தபோது, விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்திருந்த மக்களே பெருமளவில் மாண்டனர். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சித்திரவதை புரிந்த கெம்பெய்தாய் இராணுவக் காவலர்கள் 1946-இல் பினாங்கிலேயே விசாரிக்கப்பட்டனர். படையெடுப்புக்கான பொறுப்பு டோக்கியோ நீதிமன்றத்தில், பிரிட்டிஷ் காமன்வெல்த் மீதான ஆக்கிரமிப்புப் போரைக் குறிக்கும் 31-ஆம் குற்றச்சாட்டில் அடங்கியது. 1948 நவம்பரில் ஜப்பானின் போர்க்காலப் பிரதமர் டோஜோ முதலானோர் அதில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தகைய போர் அன்றைய சட்டத்தில் குற்றமே அன்று என இந்திய நீதிபதி ராதா வினோத் பால் மாறுபட்டார். போர்ப் பிரகடனம் யார் பெயரில் வெளியானதோ, அந்தப் பேரரசர் ஹிரோஹிட்டோ குற்றக்கூண்டில் ஏற்றப்படவே இல்லை.

முடியும் படைத்தலைமையும் ஒருவரிடம் சேரும்போது எழும் இச்சிக்கல் மலேசியாவில் மீண்டும் தலைதூக்கியது. மகாதீர் முகமதுவின் முன்முயற்சியில் அமைந்த கோலாலம்பூர் போர்க்குற்றத் தீர்ப்பாயம், ஈராக் படையெடுப்புக்காக அமெரிக்க அதிபராக இருந்த புஷ்ஷும் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த பிளேரும் அமைதிக்கு எதிரான குற்றம் புரிந்தனர் என 2011 நவம்பர் 22-இல் அறிவித்தது. தனியார் முயற்சியான அதன் தீர்ப்புக்குச் சட்ட வலு இல்லை. அதே மகாதீர் பிரதமராக இருந்த 2019-இல், சட்ட வலுவுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தில் மலேசியா மார்ச் 4-இல் இணைந்து, ஆயுதப் படைகளின் உச்சத் தலைவரான மாமன்னர் கூண்டேற நேரிடும் என்ற எதிர்ப்பு வலுக்கவே, ஏப்ரல் 5-இல் விலகுவதாக அறிவித்தது. மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி இயங்குபவர் என்பதால், படையை உண்மையில் இயக்குபவரைத் தேடும் ஆக்கிரமிப்புக் குற்றத்தின் வரையறைக்குள் அவர் வருவது அரிது. அவ்விளக்கம் அன்றைய ஆரவாரத்தில் எடுபடவில்லை.

அந்த விலகலுக்கு ஒரு விளைவு உண்டு. 2010-இல் கம்பாலாவில் ஏற்கப்பட்டு 2018 ஜூலை 17 முதல் செயல்படும், ஆக்கிரமிப்புக் குற்றம் பற்றிய ரோம் சட்ட விதிகளின்படி, உறுப்பினரல்லாத நாட்டின் குடிமக்கள் புரிந்த ஆக்கிரமிப்பையும் அந்நாட்டு மண்ணில் நிகழ்ந்த ஆக்கிரமிப்பையும், பாதுகாப்பு மன்றம் பரிந்துரைத்தாலன்றி நீதிமன்றம் விசாரிக்க இயலாது. ஆகவே 1941-இன் படையெடுப்பு போன்றதொன்று மீண்டும் நேர்ந்தாலும், அதை ஏவிய தலைவரை அங்கே நிறுத்த மலேசியாவால் நேரடியாக முடியாது.