ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ஊர்: கப்பல் பதிவேட்டில் திருவதிகை

தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை ஆங்கிலேயர் எழுதிவைத்த விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருவையாறு பழைய அரசு ஆவணங்களில் 'டிருவடி'. பண்ருட்டியை ஒட்டி, கெடிலக்கரையில் இருக்கும் எங்கள் திருவதிகையும் 'டிருவடி'தான். 1750-ல் பிரெஞ்சுப் படை பிடித்த கோட்டை என்று கர்நாடகப் போர் வரலாறுகளில் வரும் 'ட்ரிவடி' இந்த ஊர். எழுத்துக்கூட்டல் ஒன்று, ஊர் இரண்டு, நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எனக்கு ஒரு நகல் அனுப்பியிருந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன அவர்களுடைய மூதாதை ஒருவரைப் பற்றிய ஒரே வரி. ஊர் 'டிருவடி' என்று இருந்ததால் திருவையாறுதான் என்று முடிவுசெய்து, அங்கே போய் விசாரித்தும் விட்டார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. தியாகராஜர் பெயரால் உலகத்துக்கே தெரிந்த ஊர் அது. ஆனால் அந்த வரியில் மாவட்டம் என்ற பத்தியில் 'ஆற்காடு தெற்கு' என்று இருந்தது. தாலுகா கடலூர். அப்படியென்றால் திருவையாறு இல்லை, திருவதிகை.

இந்தப் பதிவேடுகள் எப்படி உருவாயின என்று கொஞ்சம் பார்ப்போம். ட்ரூரோ என்ற கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி, நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்கள் 342 பேர். நேட்டால் காலனிக்குப் போன முதல் கப்பல் அதுதான். 1866-ல் நின்று, 1874-ல் மறுபடி தொடங்கி, 1911 வரை இந்தப் போக்கு நடந்தது. மொத்தம் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தாது வருஷப் பஞ்சம் (1876–78) போன காலங்களில் ஆள்பிடிக்கிறவர்களுக்கு வேலை சுலபமாக இருந்தது. வீட்டில் அரிசி இல்லாதவனிடம் ஐந்து வருஷ ஒப்பந்தத்தின் ஷரத்துகளை விளக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதற்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு அல்லது மச்சம். பின்னால் வந்த பதிவுகளில் இவ்வளவும் உண்டு. ஒருவன் ஓடிப்போனால் பிடிக்கவேண்டும், செத்தால் கணக்கை முடிக்கவேண்டும், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று முதலாளிக்குத் தெரியவேண்டும். அதற்காக எழுதியது. பேரப்பிள்ளைகள் ஒருநாள் தேடுவார்கள் என்று எழுதியது இல்லை. ஆனாலும் இன்று தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறு இல்லை.

ஏன் என்றால், இந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இதுதான் நான் சொல்லவந்த சங்கதி.

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவர் காலத்திலிருந்து கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களின் பெயரை இன்றைக்கும் சுவரில் படிக்கலாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அதே ஊர் வயலில் நாற்று நட்ட கூலிக்காரர் பெயரை எங்கேயும் படிக்க முடியாது. கோயிலுக்குக் கொடுத்தவன் பெயர் கல்லில் ஏறியது. நிலவரி கட்டினவன் பெயர் பட்டாவில் ஏறியது. இரண்டுக்கும் வழியில்லாதவன் பெயர் எதிலும் ஏறவில்லை. மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அதில் எண்ணிக்கைதான் மிஞ்சியது, வீடுவீடாக எழுதிய பெயர்கள் மிஞ்சவில்லை. சென்னை மாகாணத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899-ல்தான். அதற்கு முன்னாலேயே நிறையப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள்.

ஆக, நிலமில்லாத ஒருவரின் பெயரும் அப்பா பெயரும் ஊரும் முதல்முறையாகக் காகிதத்தில் ஏறியது அவர் ஊரைவிட்டுப் போகும்போதுதான். ஊரிலேயே இருந்துவிட்ட அவருடைய அண்ணன் தம்பிக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. கங்காணியோடு இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன லட்சக்கணக்கானவர்களில் பலருக்கும் இப்படித் தனி வரி கிடையாது. மூதாதையின் பதிவு முழுமையாக இல்லையே என்று டர்பன்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். இங்கே இருந்து பார்க்கும்போது, அவர்களிடம் இருப்பது எங்களில் பலரிடம் இல்லாத ஆவணம்.

அந்த வரியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கவனிக்கவேண்டியவை சில உண்டு.

முதலில் பெயர். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; அங்கே அது தேவைப்பட்டது. அதனால் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக நின்றது, சிலருக்கு ஜாதிப் பட்டம் நின்றது. தென்னாப்பிரிக்காவில் இன்று கோவெண்டர் என்பவர் கவுண்டர், மூட்லி என்பவர் முதலியார், படையாச்சி என்பவர் நம் கடலூர்ப் பக்கத்துப் படையாச்சிதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேறு. ஒரே குடும்பத்தில் மூன்று முனுசாமி இருந்தால் எந்த முனுசாமி கப்பல் ஏறினார் என்று வயதையும் எண்ணையும் வைத்துத்தான் பிரிக்கமுடியும். அதனால் பெயரைவிட எண் முக்கியம். எண் கிடைத்தால் விடவே கூடாது.

இரண்டாவது, ஜாதிப் பத்தி. பழைய பட்டியல்களில் 'மலபார்' என்று இருக்கும். உடனே கேரளத்துக்கு டிக்கெட் எடுக்கவேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையே அப்படித்தான் அழைத்தார்கள். ரீயூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினரை இன்றும் 'மல்பார்' என்கிறார்கள். தெளிவான ஜாதிப் பெயர் இருந்தாலும் அது எழுத்தருக்குச் சொன்ன பெயர், அல்லது எழுத்தர் புரிந்துகொண்ட பெயர். புறப்படும் இடத்தில் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. கடல் தாண்டினால் பழைய கணக்கு செல்லாது என்பது சிலருக்கு நஷ்டம், சிலருக்கு விடுதலை.

மூன்றாவது, ஊர். புதுப்பேட்டை, நல்லூர் என்று தாலுகாவுக்கு ஒன்று இருக்கும். அதனால் ஊரை எப்போதும் தாலுகாவோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும், அதுவும் அந்தக் காலத்துத் தாலுகாவோடு. தென்னாற்காடு மாவட்டம் 1801-ல் உருவாகி, 1993-ல் பிரிந்தது. இன்றைய பண்ருட்டி தாலுகா அன்று கடலூர் தாலுகாவுக்குள் இருந்தது. பண்ருட்டி என்று தேடினால் ஒன்றும் சிக்காது.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அந்த ஊர் இன்னும் இருக்கவேண்டும். திருவதிகை இருக்கிறது; தேர் ஓடுகிறது, பண்ருட்டி நகராட்சிக்குள் வந்துவிட்டது. கொஞ்சம் தெற்கே நெய்வேலிப் பக்கம் போனால் கதை வேறு. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதற்காகவும் நகரியத்துக்காகவும் கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். நகரியத்தில் இப்போது ஊர்ப் பெயர் இல்லை, எண்தான். எந்த வட்டம் என்று கேட்டால் பத்து, பதினொன்று என்று சொல்வார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வட்டம் என்றால் தாலுகா; இங்கே வட்டம் என்றால் நாலைந்து தெரு. வேலுடையான்பட்டு என்ற பழைய பெயர் முருகன் கோயிலை ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது. அப்படி ஒரு கோயில் வாய்க்காத ஊர்களின் பெயர், இடம்பெயர்ந்த பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. கப்பல் பதிவேட்டில் அப்படிப்பட்ட ஊர்ப் பெயரோடு ஒருவர் நாளைக்கு வந்தால், சுரங்கத்தின் விளிம்பில் நிறுத்தி, உள்ளே கையைக் காட்டவேண்டியதுதான்.

டர்பன் குடும்பத்துக்கு நான் எழுதியது சுருக்கமானது. ஊர் இதுதான் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. கெடிலம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். இன்னார் உங்கள் பங்காளி என்று சொல்ல ஆதாரம் இல்லை. யாராவது ஒரு வீட்டைக் காட்டி இவர்கள்தான் என்று சொன்னால், எந்தக் காகிதத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். குடும்பத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிற வழக்கம் இருந்தால் அது நல்ல குறிப்பு. அந்த வழிபாடு செஞ்சியை நடுவாக வைத்துத் தென்னாற்காட்டில் ஆழமாக ஊன்றியது. ஆனால் அது வட்டாரத்தைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெய்வேலிக்கு நிலமும் மனையும் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களில் எண்பது தாண்டிய ஆயாவோ தாத்தாவோ இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பழைய ஊர்ப் பெயர், அப்போதைய தாலுகா, குலசாமி இருந்த இடம், அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்காரர் பெயர். பட்டா இருந்தவர்களுக்குச் சர்வே எண்ணாவது அலுவலகத்தில் இருக்கும். மனை மட்டும் இருந்தவர்களுக்கு, கூலிக்குப் போனவர்களுக்கு, அதுவும் இருக்காது. அவர்களை எழுதிவைக்க இந்த முறை கப்பல் எழுத்தர்கூட இல்லை.